எலிவேஷன் படத்துல நம்ம ஊரு வெயில் எங்க போச்சு?

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தேவிபட்டினம், தொண்டின்னு நம்ம ராமநாதபுரம் கரையில எந்த ஊர்ல வீடு கட்டுனாலும் ஒரு விஷயம் பொதுவா இருக்கும், காசு போடுறவர் ஊர்ல இருக்க மாட்டார். சவுதியிலயோ துபாய்லயோ மலேசியாவுலயோ இருப்பார், அவருக்கு வீடுன்னா போன்ல வர்ற 3டி எலிவேஷன் படம்தான், அதாவது கட்டப் போற வீட்டோட முகப்பைக் கம்ப்யூட்டர்ல போட்ட படம். அதைப் பார்த்துதான் கலர் சொல்றார், போர்ட்டிகோ தூணை மாத்தச் சொல்றார், சன்ஷேடு நீளத்தைக் குறைக்கச் சொல்றார். அதனால படம் உண்மை மாதிரி இருக்கணும்னு நாம பேசுறது அழகுக்காக மட்டும் இல்ல, அந்தப் படத்தை நம்பி ஒரு மனுஷன் பல வருஷத்துச் சம்பாத்தியத்தைப் போடுறார்.

இந்த வேலைக்குப் புதுசா வர்ற தம்பிங்க முதல்ல கேக்குறது எந்த சாஃப்ட்வேர் நல்லதுண்ணே, சாம்பிள் எவ்வளவு வைக்கணும், கிராபிக்ஸ் கார்டு எது வாங்கணும்னுதான். என் கருத்து என்னன்னா பிரச்சினை அங்க இல்லவே இல்ல. ஒளி ஒரு பரப்புல பட்டு எப்படித் திரும்பிப் போகும்ங்கிறதுக்கான ரெண்டரிங் சமன்பாட்டை ஜேம்ஸ் கஜியா 1986-லயே எழுதிட்டார், இன்னைக்கு மாடலைப் படமா ஆக்குற, அதாவது ரெண்டர் பண்ற சாஃப்ட்வேர்களான வீ-ரே, கொரோனா, பிளெண்டர்ல இருக்குற சைக்கிள்ஸ் எல்லாம் அந்தக் கணக்கைத்தான் போடுது, நல்லாவே போடுது. ஆனா நாம உள்ள குடுக்குற சூரியன் வேற நாட்டுச் சூரியன், வானம் வேற நாட்டு வானம், மரம் மேப்பிள் மரம், தரை பச்சைப் புல்லு. கணக்கு சரியா இருந்து குடுத்த சரக்கு தப்பா இருந்தா விடை எப்படி நம்ம ஊரா வரும்? பார்க்குறவருக்கு எது தப்புன்னு சொல்லத் தெரியாது, "என்னமோ கம்ப்யூட்டர்ல போட்ட மாதிரியே இருக்குப்பா"ன்னு மட்டும் சொல்வார்.

சூரியன்லேர்ந்து ஆரம்பிப்போம், ஏன்னா பாதி வேலை அங்கதான் முடியுது. ராமநாதபுரம் இருக்குறது ஏறத்தாழ 9.4 டிகிரி வடக்குல. வீட்டை மாடல் பண்ற ஸ்கெட்ச்அப்ல லொகேஷன் குடுக்காம விட்ட ஃபைல்ல பெரும்பாலும் அடிக்கிறது அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்து பௌல்டர் ஊரு வெயில், அது 40 டிகிரி வடக்கு. இந்த வித்தியாசம் என்ன பண்ணும்னு ஒரு 2 அடி சன்ஷேடை வெச்சுப் பார்க்கலாம். டிசம்பர் கடைசியில நடுப்பகல்ல நம்ம ஊர்ல சூரியன் தெற்கால சுமார் 57 டிகிரி உயரத்துல நிக்கும், அப்ப தெற்குச் சுவத்துல அந்த சன்ஷேடு நிழல் 3 அடிக்கு இறங்கும். பௌல்டர்ல அதே நாள் அதே நேரம் சூரியன் 26 டிகிரிதான் ஏறியிருக்கும், நிழல் 1 அடிக்கு மேல இறங்காது. 3 அடி நிழல் விழ வேண்டிய ஜன்னல் மேல 1 அடி நிழல் விழுந்தா ஜன்னல் முழுக்க வெயில் அடிக்கிற மாதிரி தெரியும், வீட்டுக்காரர் இன்னும் பெரிய சன்ஷேடு போடுங்கன்னு சொல்வார், இல்லாத வெயிலுக்குக் கான்கிரீட் செலவாகும்.

இதைவிடப் பெரிய விஷயம் வடக்குச் சுவர். சித்திரை 1 அன்னைக்கு, அதாவது ஏப்ரல் 14-ஐ ஒட்டி, மதியம் 12:15 மணி வாக்குல நம்ம ஊர்ல சூரியன் உச்சந்தலைக்கு நேரா வந்துரும், நட்டு வெச்ச கம்பிக்கு நிழலே இருக்காது. அதுக்கப்புறம் ஆவணி நடு வரைக்கும், ஆகஸ்ட் கடைசி வரைக்கும், நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கால போயிரும். ஜூன் 21 வாக்குல வடக்குல சுமார் 76 டிகிரியில நிக்கும், 2 அடி சன்ஷேடு நிழல் வடக்குச் சுவத்துல 8 அடிக்கு இறங்கும். 40 டிகிரி வடக்குல இருக்குற ஊர்ல நடுப்பகல் சூரியன் வருஷம் முழுக்க தெற்குலதான், அந்த நேரத்துல வடக்குச் சுவர் எப்பவும் மங்கலா கிடக்கும். அதனால வடக்குப் பார்த்த வீட்டுக்கு எலிவேஷன் போடும்போது "இது நிழல்பக்கம்"னு மங்கலா விட்டுட்டுப் போறவங்க நம்ம ஊரு வைகாசி, ஆனி, ஆடி மூணு மாசத்தையே அழிச்சுடுறாங்க. லொகேஷன், தேதி, வடக்கு எந்தப் பக்கம், டைம்ஸோன் 5:30, இந்த நாலையும் சரியா குடுக்க ரெண்டு நிமிஷம் ஆகுமா?

சூரியன் உச்சியில நிக்கிறதால இன்னொண்ணு நடக்குது, இதை நான் எந்த டுடோரியல்லயும் பார்த்ததில்ல. வெயில் சுவத்துக்கு ஏறக்குறைய இணையா, மேலேர்ந்து கீழ வழுக்கிக்கிட்டு இறங்குது. அப்ப பூச்சு வேலையில இருக்குற மேடு பள்ளம் அத்தனையும் தெரியும், கொத்தனார் மட்டப்பலகை இழுத்த தடம், ரெண்டு நாள் பூச்சு சேர்ந்த இடத்துல ஒரு லேசான கோடு, எல்லாம் நிழலோட வெளிய வரும். காலையில வழுவழுன்னு இருந்த சுவர் 11 மணிக்கு அலை அலையா தெரியும். நம்ம படத்துல சுவர் கண்ணாடி மாதிரி ஒரே தளமா இருக்குறதுதான் பொய்யா தெரியுறதுக்கு முக்கியக் காரணம். ரெண்டு பம்ப் மேப் (பரப்புல மேடு பள்ளம் இருக்குற மாதிரி காட்டுற படம்) போடுங்க, ஒண்ணு பொடி மணல் அளவுல நுணுக்கமா, இன்னொண்ணு 3, 4 அடிக்கு ஒரு தடவை மெல்ல ஏறி இறங்குற மாதிரி ரொம்பப் பெருசா, ரொம்ப லேசா. அந்தப் பெரிய அலைதான் வேலையைச் செய்யும்.

நிழலோட விளிம்பையும் கவனிங்க. சூரியன் ஒரு புள்ளி இல்ல, வானத்துல அரை டிகிரி அகலத்துக்கு இருக்கு. அதனால நிழல் விழுற தூரம் கூடக்கூட விளிம்பு மங்கும், 1 மீட்டர் தூரத்துக்கு கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர். ஜன்னல் கிரில் நிழல் கத்தி மாதிரி கூரா இருக்கும், மாடி கைப்பிடிச் சுவரோட நிழல் 6 மீட்டர் கீழ தரையில விழுறப்ப 5 சென்டிமீட்டருக்கு மேல கரைஞ்சு போயிருக்கும். சூரியனோட சைஸை 0.5 டிகிரிக்குப் பக்கத்துல வெச்சா இது தானா வரும். நிழல் அழகா மெத்துன்னு இருக்கணும்னு அதை 5 டிகிரிக்கு ஏத்துறவங்க இருக்காங்க, அந்தப் படத்துல வெயிலே அடிக்காது.

அடுத்து கடல். கடலோர வீட்டுக்கு ரெண்டர் போடுறவங்க எல்லாரும் ஒரே படத்தைத்தான் போடுறாங்க, வீட்டுக்கு முன்னாடி கடல், கடல்ல சூரியன் இறங்குது, வீடு முழுக்க ஆரஞ்சு. கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் கரையில கடல் இருக்குறது தெற்குல. நம்ம ஊர்ல சூரியன் எவ்வளவு தெற்கால மறைஞ்சாலும் மார்கழியில மேற்குலேர்ந்து 24 டிகிரி தெற்குக்குத்தான் தள்ளும், நேர் தெற்குல ஒருநாளும் மறையாது. தெற்குப் பார்த்த வீட்டு வாசலுக்கு நேரா கடல்ல சூரியன் மறையுற படம் அந்த ஊர்ல நடக்கவே முடியாத காரியம், அங்கயே பொறந்து வளர்ந்த காக்காவுக்கு (அண்ணனை அங்க அப்படித்தான் கூப்பிடுவாங்க) இது ஒரு பார்வையில தெரிஞ்சுரும். தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் கடல் கிழக்கால, அங்க கடல்மேல சூரியன் உதிக்கிறதுதான் காட்சி, சாயங்காலம் கடல் பார்த்த முகப்பு நிழலுக்குப் போயிரும். கிழக்கு முகப்புக்கு காலை 7:30, 8 மணி வெயில் குடுங்க, சுவத்துல வெயில் சாய்வா விழுந்து தூணும் பால்கனியும் எடுப்பா நிக்கும். மண்டபத்துலேர்ந்து பாம்பன், தங்கச்சிமடம் வரைக்கும் வடக்கால ஒரு கடல் தெற்கால ஒரு கடல், ரெண்டும் ஒண்ணு இல்ல. ஆடிக் காத்து அடிக்கிறப்ப தெற்கால மன்னார் வளைகுடா பொங்கிக் கிடக்கும், வடக்கால பாக் ஜலசந்தி குளம் மாதிரி கிடக்கும், வாடைக் காத்து வந்தா கதை மாறிரும், பெண்கடல் ஆண்கடல்னு நம்மாளுக சொல்றது சும்மா இல்ல. எந்த மாசம்னு முடிவு பண்ணாம அலையை வரையாதீங்க.

அந்த ஆரஞ்சு நேரமும் இங்க ரொம்பக் கொஞ்சம். நம்ம அட்சரேகையில சூரியன் கிட்டத்தட்ட நேரா மேல ஏறுது, உதிச்ச ஒரு மணி நேரத்துல 13, 14 டிகிரி உயரம் போயிரும். ஐரோப்பாவுல கோடையில மணிக்கணக்கா நீளுற அந்த மஞ்ச வெயில் இங்க சட்டுனு முடிஞ்சுரும். வீட்டுக்காரர் வருஷத்துல பார்க்கப் போறது பெரும்பாலும் வெள்ளை வெயில்தான், அதுல அந்தக் கலர் எப்படி இருக்கும்னு காட்டுறதுதான் நியாயம்.

வானம்னா ஹெச்டிஆர்ஐ, அதாவது நிஜ வானத்தை வெளிச்ச அளவோட சுத்தி எடுத்த போட்டோ, போடுறது வழக்கம், இலவசமா கிடைக்கிறதுல நிறைய ஐரோப்பாவுலயும் தென்னாப்பிரிக்காவுலயும் எடுத்தது, சூரியன் உயரம் நமக்கு ஒத்து வர்றது அபூர்வம். பிளெண்டர்ல 2020-ல வந்த நிஷிட்டா ஸ்கை மாதிரி கணக்குப் போட்டு வர்ற வானம் இதுக்கு மேல், சூரிய உயரத்தை நாமளே குடுக்கலாம், தூசி அளவை ஏத்தலாம். கடலோரக் காத்துல உப்பும் ஈரமும் கலந்து கிடக்கு, அதனால அடிவானம் எப்பவும் வெளுத்துத் தெரியும், தலைக்கு மேல மட்டும்தான் நீலம். அடிவானம் வரைக்கும் கருநீலமா வானம் போட்டா அது ஏதோ மலைநாட்டு வானம். நல்ல மழை விட்ட மறுநாள் மட்டும் விதிவிலக்கு, ஐப்பசி கார்த்திகையில அந்த மாதிரி துடைச்சு விட்ட வானம் வரும்.

தரைக்கு வருவோம், இதுல எனக்கு ரொம்ப வருத்தம் உண்டு. நிலத்தடித் தண்ணி உப்புக் கரிக்கிற ஊர்ல, குடிக்கிற தண்ணிக்கே காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயைப் பார்த்துக்கிட்டு இருக்குற ஊர்ல, படத்துல மட்டும் வீட்டைச் சுத்தி பச்சைப் பசேல்னு புல்தரை. புல்லு பொய்ங்கிறது ஒரு பக்கம், அது வெளிச்சத்தையும் கெடுக்குது. காஞ்ச வெள்ளை மணல் தன்மேல விழுற ஒளியில 30, 40 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அந்த ஒளிதான் போர்ட்டிகோ சீலிங்கையும் சன்ஷேடோட அடிப்பக்கத்தையும் வெளிச்சமா, லேசா மஞ்சளா வெச்சிருக்கு. நம்ம ஊர்ல மதிய நேரம் போர்ட்டிகோவுக்குள்ள நின்னு மேல பாருங்க, நிழல்ல இருக்குற சீலிங் பளிச்னு இருக்கும், தரையிலேர்ந்து வர்ற வெளிச்சம் அது. புல்லைப் போட்டா அந்த சீலிங் இருண்டு பச்சை பூசுனாப்புல வரும். சாம்பல் கலர் பேவர் பிளாக் போட்டா வேற மாதிரி. முதல்ல தரை என்னன்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் சுவர்க் கலரைப் பாருங்க.

சுவர்க் கலர்ல ஒரு கணக்கு இருக்கு. புது வெள்ளை பெயிண்ட்கூட 90 சதவீதத்துக்கு மேல ஒளியைத் திருப்பி அனுப்புறது அபூர்வம். சாஃப்ட்வேர்ல வெள்ளைன்னா 1.0-ன்னு, அதாவது 100 சதவீதம்னு வெச்சுட்டா ஒளி எங்கயும் சாகாம சுத்திக்கிட்டே இருக்கும், மூலை முடுக்குல எல்லாம் நிழல் கரைஞ்சு படம் வெளிறிப் போகும். 0.75, 0.8-ல நிறுத்துங்க. வெளிச்சம் பத்தலன்னா பெயிண்டைத் தொடாம கேமரா எக்ஸ்போஷரை மாத்துங்க. பிளெண்டர்ல 4.0 பதிப்புலேர்ந்து வர்ற ஏஜிஎக்ஸ், அதுக்கு முந்தி ஃபில்மிக், இந்த மாதிரி அதிக வெளிச்சத்தைப் படத்துக்குள்ள அடக்குற டோன் மேப்பிங் போட்டா வெயில் பட்ட வெள்ளைச் சுவர் வெந்து போகாம அதுல இருக்குற பூச்சு தெரியும்.

மூலைகளை மறக்காதீங்க. கொத்தனார் கட்டுன எந்த மூலையும் கத்தி மாதிரி கூரா இருக்காது, தூணோ சன்ஷேடோ படியோ, எதுவா இருந்தாலும் விளிம்புல சில மில்லிமீட்டர் உருண்டு இருக்கும், அந்த உருண்ட இடத்துல ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு ஓடும். 5 மில்லிமீட்டர் பெவல் குடுத்தா போதும்.

ஜன்னல் கண்ணாடி தனி விஷயம். வெளிய நேர் வெயில் 1 லட்சம் லக்ஸ் வாக்குல இருக்கும், வீட்டுக்குள்ள ஹால்ல சில நூறு லக்ஸ். பகல்ல வெளியேர்ந்து பார்த்தா ஜன்னல் கறுப்பாத்தான் தெரியும், அந்தக் கறுப்பு மேல எதிர்ல இருக்குறது நிழலாடும். ஆனா பாதிப் படத்துல மதியம் 12 மணிக்கு ஜன்னலுக்குள்ள மஞ்ச லைட் எரியுது! அதை அணைச்சாலே படம் ஒரு படி ஏறும். இன்னொண்ணு, கண்ணாடியில தெரியுறது கேமராவுக்குப் பின்னாடி இருக்குற உலகம். நாம அங்க ஒண்ணுமே வைக்கிறதில்ல, அதனால கண்ணாடியில வெறும் வானம் தெரியுது. எதிர் வீட்டை ஒரு சாதாப் பெட்டியா வையுங்க, ஒரு ஈபி போஸ்ட்டு, ரெண்டு பனை, அது போதும். ஸ்லைடிங் ஜன்னல்ல ஒவ்வொரு கதவையும் கால் டிகிரி அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பி விடுங்க, நிஜத்துல எந்த ரெண்டு கண்ணாடியும் ஒரே தளத்துல இருக்காது, பிரதிபலிப்பு கதவுக்குக் கதவு உடைஞ்சுதான் தெரியும். கேமராவுக்குப் பின்னாடி வெச்ச அந்தப் பனையோட நிழல் காலை வெயில்ல காம்பவுண்ட் சுவத்துல விழுந்தா இன்னும் நல்லது, படத்துல தெரியாத ஊரு ஒண்ணு வெளிய இருக்குன்னு கண்ணு நம்பிரும்.

மரம்னா ஓக், மேப்பிள், பிர்ச் வேண்டாம். பனை, பூவரசு, வேம்பு, தென்னை, குடை மாதிரி விரிஞ்ச உடை மரம், காலி பிளாட்டா இருந்தா சீமைக் கருவேலம், இதுதான் நம்ம கரை. ரெடிமேடா கிடைக்கலன்னா பனையை மாடல் பண்றது கஷ்டமே இல்ல, ஒரு ஓலையை ஒழுங்கா செஞ்சா மிச்சம் எல்லாம் காப்பிதான், கீழ காஞ்ச ஓலை நாலு தொங்க விடுங்க. பக்கத்து வீட்டையும் வையுங்க, பெரும்பாலும் பக்கச் சுவர் பூசாம ஹாலோ பிளாக் தெரியக் கிடக்கும், அதையும் அப்படியே காட்டுங்க. மாடியில தண்ணி டேங்க், ஏசி அவுட்டோர் யூனிட், மழைத் தண்ணி பைப், ஈபி மீட்டர் பாக்ஸ், சர்வீஸ் வயர், இதையெல்லாம் ஒளிக்காதீங்க. பைப் எங்க இறங்கப் போகுதுன்னு படத்துலயே தெரிஞ்சா இன்ஜினியரும் பிளம்பரும் முன்கூட்டியே பேசி அதை முகப்புலேர்ந்து ஓரமா தள்ளிக்கலாம்.

அழுக்கு பத்தி ரெண்டு கட்சி இருக்கு. புது வீட்டுக்கு எதுக்குக் கறைன்னு வீட்டுக்காரர் கேப்பார், அதுவும் நியாயம்தான். நான் சொல்றது அழுக்காக்குறது இல்ல, தண்ணியும் உப்பும் போற வழியைப் புரிஞ்சுக்கிறது. சன்ஷேடு நுனியில தண்ணி சொட்டுறதுக்கு அடியில ஒரு காடி விடாட்டி மழைத் தண்ணி அடிப்பக்கமா ஓடி சுவத்துல இறங்கும், ஜன்னல் ரெண்டு மூலையிலயும் மீசை மாதிரி கறுப்புக் கோடு விழும். பேஸ்மட்டத்துக்கு மேல ஒரு அடி ஒன்றரை அடி வரைக்கும் மழை மண்ணைத் தெறிச்சு விட்டிருக்கும். கிரில்லை மாட்டுன இடத்துலேர்ந்து துரு கீழ வடியும். மண்டபத்துல காரைக்குடி சிக்ரி ஆராய்ச்சி நிறுவனம் துரு சோதனைக்குன்னே ஒரு மையம் வெச்சிருக்குன்னா நம்ம காத்தோட குணம் புரியும். கடல் பக்கம் 304 ஸ்டீல் கைப்பிடிகூட பழுப்புப் புள்ளி விழுந்துரும், 316 கொஞ்சம் தாங்கும். அதனால பளபளன்னு கண்ணாடி மாதிரி ஸ்டீல் கைப்பிடி போட்டு அனுப்புறதுக்கு முன்னாடி யோசிங்க, அந்தப் பளபளப்பு நிக்கப் போறதில்ல, அதுக்கு ஒரு ரஃப்னெஸ் குடுத்து மங்கலாக்குங்க, இல்ல மெட்டீரியலையே மாத்தச் சொல்லுங்க. புது வீட்டுப் படத்துல பேஸ்மட்டத்துக்கிட்ட லேசா ஒரு மண் நிறம், சன்ஷேடுக்குக் கீழ கண்ணுக்குத் தெரியுதா இல்லையான்னு ஒரு நிற மாத்தம், அவ்வளவு போதும். விருப்பப்பட்டா ரெண்டு மழைக்காலம் கழிச்சு இப்படி இருக்கும்னு இன்னொரு படம் தனியா போட்டுக் காட்டலாம், கலர் தேர்வு பண்றவருக்கு அது பெரிய உதவி.

கேமரா விஷயம் சின்னது. தெரு 20 அடி, முன்னாடி விட்ட இடம் 5 அடின்னா மனுஷன் எதிர்ச் சுவத்துல சாஞ்சு நின்னாக்கூட வீட்டுக்கும் அவருக்கும் 25 அடிதான். 30 அடி அகல வீட்டுக்கு அங்கேர்ந்து 28, 30 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். கண் உயரம் 5 அடி சொச்சம், கேமராவைத் தூக்கிச் சாய்க்காம லெவலா வெச்சு ஷிஃப்ட் (சாய்க்காம காட்சியை மட்டும் மேல நகர்த்துறது) மட்டும் குடுத்தா தூண் எல்லாம் நேரா நிக்கும். 15 மில்லிமீட்டர் போட்டு வீட்டை கப்பல் மாதிரி இழுக்குறதும் ட்ரோன் உயரத்துலேர்ந்து மொட்டை மாடியைக் காட்டுறதும் வீட்டுக்காரர் வாழ்நாள்ல பார்க்கப் போற காட்சி இல்ல.

இப்ப ஏஐ வந்துருச்சு, சாதா படத்தைக் குடுத்தா அஞ்சு நொடியில போட்டோ மாதிரி ஆக்கிக் குடுக்குது. பார்க்க நல்லாத்தான் இருக்கு, ஆனா கிரில் டிசைனை அதுவா மாத்தும், மூணு கதவு ஜன்னலை ரெண்டாக்கும், சன்ஷேடை இழுத்து விடும், நிழல் ஒரு பக்கமும் சூரியன் ஒரு பக்கமும் இருக்கும். கட்டப் போறது அந்த வீடு இல்லையே. செடி, தெரு, ஆளுங்களுக்கு வேணும்னா வெச்சுக்கலாம், கட்டடத்தை அது தொடவிடக் கூடாது.

அனுப்புறப்ப ஒரே படத்தை அனுப்பாதீங்க. அந்த வீட்டு திசைக்கு ஏத்த காலை ஒண்ணு, மதியம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, ஒவ்வொண்ணுலயும் மாசமும் மணியும் எழுதி அனுப்புங்க. வாட்ஸ்அப்ல போட்டோவா போடாம டாக்குமெண்ட்டா போடுங்க, போட்டோவா போனா அது சுருக்கி நுணுக்கத்தை எல்லாம் தின்னுரும், நாம பாடுபட்டு வெச்ச பூச்சுத் தடம்தான் முதல்ல போகும். அங்கிட்டு இருக்குறவர் போன்ல டிஸ்ப்ளே விவிட் மோடுல இருந்தா கலர் கூடுதலாத் தெரியும், அதை நேச்சுரலுக்கு மாத்திட்டுப் பார்க்கச் சொல்லுங்க, கலர் முடிவுன்னா பெயிண்ட் கடை ஷேடு கார்டு நம்பரையும் சேர்த்தே குடுங்க.